புலி போனதால் செத்ததா சர்க்கஸ்?

ஓர் ஊரில் சர்க்கஸ் கூடாரம் அடித்தால், மறுவாரமே பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்துவிடும். பாதி காலியாகக் கிடக்கும் காலரி, வியர்வையில் சாயம் வழியும் ஜோக்கரின் முகம், அலுவலகக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளரின் பெருமூச்சு. "முன்பெல்லாம் சிங்கம், புலி எல்லாம் இருந்தது. அரசாங்கம் தடை போட்டதோடு கூட்டமும் போச்சு" என்று அவர் சொல்வார். எழுத வந்தவர் அதையே தலைப்பாக வைப்பார். படிக்கிற நமக்கும் மறுப்பு தோன்றாது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து புலி நெருப்பு வளையம் தாண்டியதைப் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம்.

இந்தக் கதை இன்று கிட்டத்தட்ட வரலாறாகவே ஆகிவிட்டது. விலங்குத் தடைதான் இந்தியச் சர்க்கஸைக் கொன்றது, நகரத்து விலங்கு நேயர்களும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து ஏழைக் கலைஞர்களின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்பது இதன் சாரம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. விலங்குகள் மேல் உள்ள இரக்கத்தைப் பிறகு பேசுவோம். முதலில், தேதிகளே இடிக்கின்றன.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 22ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்தெந்த விலங்கை வித்தைக்குப் பழக்கக் கூடாது, வித்தை காட்ட வைக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட அது வழி செய்கிறது. 1991 மார்ச் 2 அன்று வந்த அறிவிக்கையில் ஐந்து விலங்குகள் இருந்தன: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய். சர்க்கஸ் கூட்டமைப்பு உடனே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விஷயம் மறுபரிசீலனைக்குப் போய், 1998 அக்டோபர் 14 அன்று புது அறிவிக்கை வந்தது. அதில் நாயை எடுத்துவிட்டுச் சிங்கத்தைச் சேர்த்திருந்தார்கள். முதலாளிகள் மறுபடியும் வழக்குப் போட்டார்கள். 2000 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. முதல் அறிவிக்கைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி புலி வளையத்துக்குள்தான் இருந்தது.

2001க்குப் பிறகும் கூடாரம் விலங்கில்லாமல் போய்விடவில்லை. யானை ஸ்டூலில் உட்கார்ந்தது, கிரிக்கெட் மட்டையைத் தும்பிக்கையில் பிடித்தது. ஒட்டகமும் குதிரையும் சுற்றி வந்தன. நாய்கள் வளையம் தாண்டின, கிளி குட்டி சைக்கிள் ஓட்டியது. யானைகளை உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸிலும் வைக்கக் கூடாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சொன்னதே 2009இல்தான். அதற்கு அப்புறமும் பல வருடம் யானைகள் லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. விலங்குதான் கூட்டத்தை இழுக்கிறது என்றால், யானை இருந்த அந்த வருடங்களில் காலரி ஏன் காலியானது?

அதே தொண்ணூறுகளில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1993இல் சன் டிவி வந்தது. கேபிள் ஒயர் தெருத் தெருவாக நுழைந்தது. புலி வேட்டையாடுவதையும் குட்டி போடுவதையும் வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம் என்று ஆனது. சர்க்கஸ் அடித்த பொட்டல்கள் பேருந்து நிலையமாகவும் கல்யாண மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் மாறின. மிச்சமிருந்த மைதானங்களின் வாடகையும் ஏறியது. நூறு இருநூறு பேருக்குச் சோறு போட்டு, கூடாரத்தையும் கம்பத்தையும் லாரிகளில் ஏற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிற தொழில் அது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் அதன் கழுத்தில்தான் சுருக்கு இறுகியது. நாடகக் கம்பெனிகள் ஏன் மூடப்பட்டன என்று கேட்டால் நாம் சினிமாவைச் சொல்கிறோம். அந்தக் கம்பெனிகளில் புலி ஏதும் இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை விதிக்கச் சொன்னது. குழந்தைகளை மீட்கவும், மறுவாழ்வு தரவும் உத்தரவிட்டது. குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடர்ந்த வழக்கு அது. அதற்கு ஏழு வருடம் முன்பு, 2004இல், உத்தரப்பிரதேசத்தின் கோண்டா மாவட்டத்தில் ஒரு சர்க்கஸில் சிக்கியிருந்த நேபாளச் சிறுமிகளை மீட்கப் போன அந்த அமைப்பின் நிறுவனர் கைலாஷ் சத்யார்த்தியை அடித்து மண்டையை உடைத்தார்கள். பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவருக்கு அன்று கிடைத்தது அந்த அடிதான்.

சர்க்கஸ் என்ற தொழில் எதன் மேல் நின்றது என்று அந்த வழக்கு காட்டிக்கொடுத்தது. ஆறு, ஏழு வயதில் பிள்ளையைக் கொண்டுவந்து, வீட்டுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து, வருடக்கணக்கில் ஒப்பந்தத்தில் கட்டி, எலும்பு வளைகிற வயதிலேயே பழக்குவது. அந்த வரத்து நின்றபோது டிரபீசுக்கு ஆள் இல்லாமல் போனது. பள்ளிக்கூடம் போன பிள்ளை பதினெட்டு வயதில் வந்து கம்பியில் தொங்கத் தயாராக இல்லை. அந்தச் சம்பளத்துக்கு அவன் ஏன் வரவேண்டும்? ஆனால் "குழந்தைகளை மீட்டதால் சர்க்கஸ் அழிந்தது" என்று எந்த முதலாளியும் பேட்டி கொடுக்க மாட்டார், எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போடாது. புலியின் மேல் பழி போடுவது சுலபம். புலி மறுப்பறிக்கை வெளியிடாது.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. "பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். தாங்கள் பட்டினி கிடந்தாலும் சிங்கத்துக்குக் கறி போட்டார்கள். அடித்து வளர்த்தால் அது சொன்னபடி கேட்குமா?" பல பயிற்சியாளர்கள் தங்கள் விலங்குகளின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள் என்பதை நான் நம்புகிறேன். தடை வந்தபோது கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் நடிக்கவில்லை. ஆனால் இங்கே கேள்வி அன்பைப் பற்றியது அல்லவே. அந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியது.

சூரிச் உயிரியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹெய்னி ஹெடிகர் இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். காட்டு விலங்குக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மனிதன் முதல் எல்லையைத் தாண்டி நெருங்கினால் அது விலகி ஓடும். ஓட இடமில்லாமல் மடக்கப்பட்டு, இரண்டாவது எல்லையையும் அவன் தாண்டினால் திரும்பிப் பாயும். ரிங் மாஸ்டரின் வேலை இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான். கம்பிக்கூண்டுக்குள் சிங்கத்தை ஓரங்கட்டுகிறார். ஒரு அடி உள்ளே வைக்கிறார். சிங்கம் உறுமிக்கொண்டு அவரை நோக்கிக் கிளம்புகிறது. குறுக்கே ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் ஏறித்தான் அது அவரை அடைய முடியும். ஏறுகிறது. அந்த நொடியில் அவர் ஒரு அடி பின்னால் எடுத்துவைக்கிறார். எல்லைக்கு வெளியே போய்விட்டார்; தாக்கவேண்டிய அவசியம் தீர்ந்தது; சிங்கம் ஸ்டூலிலேயே நின்றுவிடுகிறது. பேண்டு வாத்தியம் முழங்குகிறது. நாம் கைதட்டினோமே, அது கீழ்ப்படிதல் என்று நினைத்துக் கைதட்டியது. மேலே நடந்தது பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு தாக்குதல்.

ஹெடிகர் சர்க்கஸுக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நல்ல பயிற்சி விலங்குக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது, சும்மா கூண்டில் கிடப்பதைவிட மேல் என்பது அவர் கட்சி. தடையை எதிர்ப்பவர்கள் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வளையத்துக்குள் அந்தப் புலி இருந்தது ஒரு காட்சிக்குப் பத்து நிமிடம். மிச்ச நேரம்? திரும்பிப் படுக்கத்தான் இடம் இருக்கும் சக்கரக்கூண்டு. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு லாரியில் ராப்பயணம். சித்திரை வெயிலில் தகரக் கூரை. பத்து நிமிட வேலையைக் காட்டி இருபத்துநாலு மணி நேரச் சிறைக்கு நியாயம் சொல்ல முடியாது.

யானை விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். காட்சி முடிந்து கூடாரத்தின் பின்பக்கம் போனால் பார்க்கலாம்: ஒரு முன்னங்காலிலும் ஒரு பின்னங்காலிலும் சங்கிலி. பக்கத்தில் தென்னமட்டை. யானை தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். ஒரு காலைத் தூக்கும், வைக்கும், மறுபடி தூக்கும். மணிக்கணக்கில் இதே. "யானை டான்ஸ் ஆடுது பாரு" என்று குழந்தைக்குக் காட்டுவார்கள். பாகனும் சிரிப்பார். ஒரு நாளைக்குப் பல மைல் நடந்து, கூட்டத்தோடு மேய்ந்து வாழும் பிராணியைச் சில அடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் அதன் மூளை கண்டுபிடித்துக்கொள்ளும் அசைவு அது. கால்நடை மருத்துவர்களுக்கு அது நோய்க்குறி. கட்டிப்போட்ட கோயில் யானையிடமும் இதைக் காணலாம்.

கோயில் யானை என்றதும் உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "அதை விட்டுவிட்டு ஏழை சர்க்கஸ்காரனிடம் மட்டும் வீரம் காட்டுவதா?" நியாயமான கேள்வி. கோயில் யானையின் சங்கிலியையும் பேசுவோம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் எத்தனை பேர் கோயில் யானைக்காக வாய் திறந்திருக்கிறார்கள்? அங்கே ஒரு அநியாயம் நடக்கிறது, ஆகவே இங்கேயும் நடக்கட்டும் என்பதுதான் பல நேரம் இந்த வாதத்தின் உட்பொருள்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. 2011 ஜூலையில் அதே 22ஆம் பிரிவின் பட்டியலில் காளையும் சேர்ந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடுத்தபோது அந்த அறிவிக்கை அதற்கு ஒரு தூண். 2017இல் மெரினா நிறைந்தது, சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அந்தக் கோபத்தில் இருந்து, "அன்றைக்குச் சிங்கத்தைப் பிடுங்கினார்கள், நாம் சும்மா இருந்தோம், அப்புறம் காளைக்கு வந்தார்கள்" என்று ஒரு கோட்டை இழுக்கிறார்கள். அது ஒட்டாத கோடு. காளை கட்டுத்தறியில் பிறக்கிறது, மனிதனோடு பல்லாயிரம் வருடம் சேர்ந்து வாழ்ந்த இனம், வாடிவாசலைத் தாண்டியதும் வீட்டுக்குத் திரும்புகிறது. களத்தில் அதற்கு இன்னும் என்ன பாதுகாப்பு வேண்டும் என்பது தனி வழக்கு. புலிக்கு மனிதனோடு அப்படி ஓர் உறவு என்றுமே இருந்ததில்லை. சல்லிக்கட்டை ஆதரிக்கிறவர் சர்க்கஸ் புலியையும் ஆதரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வெளிநாட்டுச் சதி என்பது இன்னும் வேடிக்கை. 22ஆம் பிரிவைப் பெற்ற அந்தச் சட்டத்தின் தாய் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்காக நாம் நினைவு வைத்திருக்கும் அவர்தான் மாநிலங்களவையில் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. இன்று எல்லோரும் திட்டுகிற வெளிநாட்டு விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் இந்தியக் கிளை தொடங்கியது 2000இல். புலிக்கான முதல் அறிவிக்கை அதற்கு ஒன்பது வருடம் மூத்தது. நமக்குப் பாடம் எடுத்ததாகச் சொல்லப்படும் இங்கிலாந்தோ, காட்டு விலங்கு சர்க்கஸைத் தடை செய்ய 2019இல்தான் சட்டம் போட்டது. அப்போது அங்கே சர்க்கஸில் மிச்சமிருந்தவை மொத்தம் 19 விலங்குகள். பிரான்ஸ் 2021இல் சட்டம் இயற்றி 2028 வரை கெடு கொடுத்திருக்கிறது. இந்த விஷயத்தில் யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள்?

அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸை எடுத்து வைப்பார்கள். வைக்கட்டும், பலமான உதாரணம்தான். யானைகளை வதைப்பதாக அந்தச் சர்க்கஸ்மீது விலங்கு நேய அமைப்புகள் தொடுத்த வழக்கு தோற்றது. முக்கியச் சாட்சிக்கு அந்த அமைப்புகளே பணம் கொடுத்து வந்தது அம்பலமானது. கடைசியில் அவை சர்க்கஸ் முதலாளிக்குக் கோடிக்கணக்கில் டாலர் கட்டின. என் பக்கம் நிற்பவர்கள் அசிங்கப்பட்ட கதை அது, மறைப்பதற்கில்லை. பிறகு 2016இல் ரிங்லிங் தானாகவே யானைகளை நிறுத்தியது, டிக்கெட் விற்பனை சரிந்தது, 2017இல் இழுத்து மூடினார்கள். "பார்த்தீர்களா, யானை போனதும் சர்க்கஸ் போச்சு" என்று நம் ஊர்க் கட்டுரைகள் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. அதே ரிங்லிங் 2023இல் ஒரு விலங்குகூட இல்லாமல் மீண்டும் அரங்கேறியதை அவை எழுதுவதில்லை.

விலங்கு இல்லாமல் சர்க்கஸ் ஏது என்று கேட்பவர்கள் அதன் பிறப்பையும் பார்க்கவேண்டும். 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி தொடங்கியது குதிரையேற்ற வித்தை. சிங்கத்தோடு கூண்டுக்குள் நுழையும் காட்சி பிரபலமானது 1830களில். டிரபீஸ் 1859இல் பாரிசில் வந்தது. நம் நாட்டில் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே சர்க்கஸ் தொடங்கினார். ஆனால் இந்தியச் சர்க்கஸின் முதுகெலும்பு தலசேரியில் உருவானது. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1901இல் அங்கே சர்க்கஸ் பள்ளி திறந்தார். அவர் கற்றுக்கொடுத்தது களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கலந்த உடல் வித்தை. அவரிடம் படித்த கண்ணன், 'பம்பாயோ' என்ற பெயரில் கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வாய்பிளக்க வைத்தார். 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய சங்கரனும் அந்தத் தலசேரி வழி வந்த பார் விளையாட்டுக்காரர்தான். இவர்களில் யாரும் புலியின் தயவில் பெயர் வாங்கவில்லை.

மனித உடம்பின் கலையாக இருந்ததைப் புலியை நம்பிப் பிழைக்கும் தொழிலாக முதலாளிகள் சுருக்கினார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. புலி சம்பளம் கேட்காது. புது வித்தை யோசிக்க வேண்டாம், மேடை விளக்கு மாற்ற வேண்டாம், கலைஞனுக்குக் காப்பீடு கட்ட வேண்டாம். போஸ்டரில் புலி வாயைப் பிளந்தால் போதும், டிக்கெட் விற்கும். கனடாவில் 1984இல் தொடங்கிய சர்க் டு சொலெய் காட்டு விலங்கை நம்பாமல் உலகம் முழுக்கப் போனபோது, நம் கூடாரங்களில் நாற்பது வருடத்துக்கு முந்தைய நிகழ்ச்சி நிரலே ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இருந்த பணம் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் யோசனைக்குமா பஞ்சம்?

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் என்னைத் தொந்தரவு செய்கிறது. தடை போட்டவர்கள் விலங்குகளை எங்கே வைப்பது என்று முன்கூட்டி யோசித்தார்களா? போதுமான அளவு இல்லை. வித்தையும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் பல சிங்கங்கள் கூண்டிலேயே காலம் தள்ளின. பிறகு வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், போபால் என்று மீட்பு மையங்கள் வந்தன. சர்க்கஸ் சிங்கங்களில் பெரும்பாலானவை ஆசிய, ஆப்பிரிக்க இனங்கள் கலந்தவை. ஆகவே இனப்பெருக்கம் செய்யவிடாமல் பராமரித்தார்கள். கிழடாகி ஒவ்வொன்றாகச் செத்தன. "கூண்டிலிருந்து கூண்டுக்குத்தானே போனது, இதில் என்ன லாபம்?" என்று கேட்கிறார்கள். லாபம் அந்தச் சிங்கங்களுக்குக் கொஞ்சம்தான். அவற்றுக்குப் பிறகு சக்கரக்கூண்டில் ஒரு குட்டியும் பிறக்கவில்லையே, லாபம் அங்கே இருக்கிறது.

கலைஞர்களுக்கு அந்த லாபத்தில் பங்கு கிடைக்கவில்லை. டென்மார்க் 2019இல் தன் நாட்டுச் சர்க்கஸில் மிச்சமிருந்த நான்கு யானைகளையும் ஒரு கோடி குரோனருக்கு மேல் கொடுத்து அரசே வாங்கிக்கொண்டது. இங்கே அறிவிக்கை வந்தது, தீர்ப்பு வந்தது. அந்தக் கூண்டுகளைக் கழுவி வயிறு வளர்த்தவர்களின் கணக்கைத் தீர்க்க டெல்லியிலிருந்து எவரும் வரவில்லை. கேரளம் தன் ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. அவர்களின் கூடாரங்களை வரவேற்று டிக்கெட் வாங்கிய மற்ற மாநிலங்கள் என்ன தருகின்றன?

ஆகவே முதலாளிகளோடு சேர்ந்து புலிக்காக அழுவதை நிறுத்திவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்போம். 2018 நவம்பரில், சர்க்கஸில் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. வருடங்கள் ஓடியும் அது விதியாகி வந்தபாடில்லை. அதைச் சட்டமாக்குங்கள், அதே கோப்பில், மீதமிருக்கும் விலங்குகளை எந்த மையம் ஏற்கும், செலவு யாருடையது, வேலை இழக்கும் பாகனுக்கும் பயிற்சியாளருக்கும் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். உங்கள் ஊர் மைதானத்தில் கூடாரம் எழும்பினால் குடும்பத்தோடு போய் டிக்கெட் வாங்குங்கள். வலைக்கு மேலே அந்தரத்தில் கைவிட்டுப் பறக்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்ன, காப்பீடு உண்டா என்று வெளியே வரும்போது மேலாளரிடம் கேளுங்கள்.